கம்பத்துல இருந்து வண்டன்மேட்டுக்கு வீடு மாத்துறீங்களா, ஈரத்துக்கு தயாராகுங்க

கேள்வி: அண்ணே, நாங்க கம்பத்துல வாடகை வீட்டுல இருக்கோம். எங்க வீட்டுக்காரர் மலைமேல, கேரளா இடுக்கியில இருக்கிற வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல கணக்கு பாக்குறார். தினமும் மேல போய்ட்டு வர முடியலன்னு அங்கயே ஒரு வீடு பேசிட்டார், ஜூன் ரெண்டாவது வாரம் மாறிக்கலாம்ங்கிறார். மூத்தவன் நாலாவது போறான், சின்னவ ஒண்ணாவது. மாமியாருக்கு மூச்சு இளைப்பு உண்டு, அவங்களுக்கு மேல வர இஷ்டமே இல்ல. எங்கம்மா வீட்டுல சீரா குடுத்த பீரோ, கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, பித்தளைப் பாத்திரம், தையல் மிஷின் எல்லாம் இருக்கு. பக்கத்துலதானே, ரெண்டு ட்ரிப் அடிச்சா முடிஞ்சதுன்னு அவர் சொல்றார், எனக்குத்தான் பயமா இருக்கு. அங்க சுமை தூக்குற யூனியன்காரங்க நம்ம ஆள வச்சு சாமான் இறக்க விடமாட்டாங்கன்னு வேற சொல்றாங்க. எதுல இருந்து ஆரம்பிக்கறது?

பதில்:

தங்கச்சி, தேதியில இருந்து ஆரம்பிங்க. ஜூன் ரெண்டாவது வாரம் வேணவே வேணாம். கேரளாவுல பருவமழை பிடிக்கிற வழக்கமான தேதியே ஜூன் 1, 2025-ல பாத்தீங்கன்னா மே 24-லயே பிடிச்சிருச்சு. நீங்க சொல்ற தேதியில மேல மழையும் மூடாப்புமா நிக்கும், லாரிய தார்ப்பாய் போட்டு இறுக்கி கட்டி கொண்டு போயிரலாம், ஆனா ரோட்டுல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் இருக்கிற அந்த அம்பதடி தூரத்துக்கு யார் தார்ப்பாய் பிடிப்பா? மெத்தை நனையறது, அட்டைப்பெட்டி அடி பிரிஞ்சு கொட்டுறது, ஆளு வழுக்கி விழறது எல்லாம் அந்த அம்பதடியிலதான் நடக்குது. வைகாசி மே நடுவுல பிறக்குது, முதல் வாரத்துலயே ஒரு முகூர்த்தம் பாத்து பால் காய்ச்சிருங்க. உங்க வீட்டுக்காரருக்கும் அதான் தோது, ஆடி ஆவணியில ஏலக்காய் எடுப்பு சூடு பிடிச்சுட்டா ஸ்டோர்ல லீவு கேக்கவே முடியாது, அப்புறம் நீங்க ஒத்தையில கெடந்து கட்டில் பூட்டிக்கிட்டு இருக்கணும்.

சித்திரையிலயே போறதா இருந்தா வீரபாண்டி திருவிழா வாரத்தை விட்டுருங்க, லோடுமேன் யாரும் கைக்கு வரமாட்டாங்க, ரோடும் நெரிசலா இருக்கும். சித்ரா பௌர்ணமி அன்னிக்கு குமுளி பக்கமே தலை வைக்க வேணாம், மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷத்துல அந்த ஒரு நாள்தான் ஜனங்கள விடுறாங்க, இருக்கிற ஜீப்பு பூராவும் அங்கதான் ஓடும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் சொன்ன "பக்கத்துலதானே"ங்கிற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்த ஊர்ல வீடு மாத்துறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கிலோமீட்டர் கணக்குல பக்கம்தான், கம்பம்மெட்டு மலை ரோடு ஏறுனா வந்துருச்சு. ஆனா சாமானுக்கு அது வேற தேசம். திராட்சை காய்க்கிற வெயில்ல காஞ்சு கெடந்த மரமும் துணியும் பஞ்சும் ஒரே நாள்ல தூக்கிட்டுப் போய் மாசக்கணக்குல வெயிலே பாக்காத வீட்டுக்குள்ள வைக்கிறோம். ரோட்டுல உடையற சாமான் கொஞ்சம்தான், போய் இறங்கினதுக்கு அப்புறம் ஈரத்துல வீணாப்போறதுதான் ஜாஸ்தி, அதனால நீங்க பேக்கிங் பண்ண வேண்டியது கொண்டை ஊசி வளைவுக்கு இல்ல, ஆடி மாச ஈரத்துக்கு. இது ஒண்ண மனசுல வச்சுக்கிட்டா எத எடுத்துட்டு போறது, எத விட்டுட்டு போறதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

அதுக்கு முன்னாடி அந்த வீட்ட நீங்க ஒரு தடவை போய் பாருங்க, உங்க வீட்டுக்காரர் பாத்தது போதாது. வெயில் நாள்ல போனாலும் ஈரம் இருக்கிற வீடு காட்டிக் குடுத்துரும். சுவத்துல செல்ஃப் இருந்தா கதவ திறந்து தலைய உள்ள விட்டு மோந்து பாருங்க, மக்குன வாசனை வந்தா அந்த சுவரு மழையில கசியுதுன்னு அர்த்தம். கதவுக்கு பின்பக்கம், ஜன்னலுக்கு கீழ, தரையோட சுவரு சேர்ற இடம் இதெல்லாம் பாருங்க, புது பெயிண்டுக்கு அடியில கருப்பு புள்ளியோ உப்பு பூத்த மாதிரியோ தெரிஞ்சா ஹவுஸ் ஓனர்கிட்ட நேராவே கேளுங்க. அப்புறம் வீட்டுக்கு பின்னாடி போங்க, இது ரொம்ப முக்கியம். மலைய வெட்டி எடுத்து வீடு கட்டியிருந்தா பின்னாடி மண் சுவரு மாதிரி நிக்கும், அது எவ்வளவு உசரம், கல்லு கட்டி நிறுத்தியிருக்காங்களா, தண்ணி போக வாய்க்கால் இருக்கான்னு பாருங்க. 2018 ஆகஸ்ட்ல இடுக்கி பூராவும் எத்தனை இடத்துல மண்ணு சரிஞ்சதுன்னு மேல இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த வெட்டுன மண் சுவருக்கு ஒட்டி படுக்கிற ரூம் இருந்தா பிள்ளைகள அங்க படுக்க வைக்காதீங்க, வேற வீடு கிடைச்சா இன்னும் நல்லது, அட்வான்ஸ் போகுதேன்னு பாக்காதீங்க.

துணி காயப்போட மறைப்பு இருக்கான்னும் கேட்டுக்கங்க. ரெண்டு சின்னப் பிள்ளைகளோட யூனிஃபார்ம் ஜூன் ஜூலையில வெளிய காயாது, ஷீட் போட்ட சாய்ப்பு ஒண்ணு இருந்தா பாதி கவலை போச்சு.

சாமான் விஷயம். உங்க பீரோ இரும்புன்னு வச்சுக்கறேன், அதுல முன்பக்கத்த யாரும் கவனிக்காம விடறதில்ல, துருப்பிடிக்கிறது பின் தகடும் அடிக்காலும்தான். கிளம்பறதுக்கு முன்னாடி காலி பண்ணி திருப்பி போட்டு பெயிண்ட் உரிஞ்ச இடத்துல எல்லாம் உப்புத்தாள் வச்சு தேச்சு ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சுருங்க. அங்க போய் சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, ஒரு கை நுழையிற அளவு இடம் விட்டு அடியில நாலு செங்கல்லோ மரக்கட்டையோ குடுத்து தூக்கி வைங்க. வெளிச்சுவரு ஓரமா வைக்காம உள் சுவரு ஓரமா வச்சா இன்னும் நல்லது. பட்டுப்புடவைய பிளாஸ்டிக் கவர்ல போட்டு அடுக்கி வைக்கிற பழக்கம் இருந்தா இப்பவே விட்டுருங்க, உள்ள வேர்த்து புள்ளி விழுந்துரும், பழைய வேட்டித்துணியில சுத்தி வைங்க, மழை விட்டு வெயில் எட்டிப் பாக்குற அன்னிக்கு எடுத்து மடிப்பு மாத்தி வைங்க. கல்யாண ஆல்பம், பிள்ளைகளோட பிறப்புச் சான்று, பத்திரம் இதெல்லாம் தகரப் பெட்டியிலயோ மூடி இறுக்கமான டப்பாவுலயோ போகணும், அட்டைப்பெட்டி வேணாம்.

கட்டில் தேக்கோ வேங்கையோ இருந்தா தைரியமா ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது. ஆனா டிவி ஸ்டாண்டு, பிள்ளைகளோட படிக்கிற டேபிள் எல்லாம் இந்த அமுக்குன மரத்தூள் பலகையில செஞ்சதா இருந்தா ரெண்டு மழைக்கே ஓரம் ஊதி ஸ்குரூ நிக்காம போயிரும், அத ஏத்துற கூலிக்கு கம்பத்துலயே வித்துட்டு போறது புத்திசாலித்தனம். இலவம்பஞ்சு மெத்தையப் பத்தி நினைச்சாதான் எனக்கு கவலையா இருக்கு. அது ஈரத்த குடிச்சா கட்டி கட்டியா போயிரும், வாடை வரும், மூச்சு இளைப்பு இருக்கிற உங்க மாமியார் அதுல படுக்கவே கூடாது. சித்திரை வெயில்ல நாலு நாள் மொட்டைமாடியில திருப்பித் திருப்பி காயப்போட்டு எடுத்துட்டு போங்க, இல்லன்னா ஊர்ல உங்கம்மா வீட்டுல வச்சுட்டு மேல பாய்க்கு மேல போடற மாதிரி லேசான மெத்தை ஒண்ணு வாங்கிக்கங்க. சீரா வந்த பொருள விட்டுட்டு போறதுக்கு மனசு வராது, தெரியுது, ஆனா கெடுக்கிறதுக்கு எடுத்துட்டு போறத விட காஞ்ச இடத்துல இருக்கட்டும்.

பித்தளைப் பாத்திரத்த வண்டிச் சாமானோட அப்படியே கட்டாதீங்க, ஒண்ணோட ஒண்ணு உரசி நசுங்கும், பழைய புடவை துணிய நடுவுல குடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி சாக்குல கட்டுங்க. பெரிய அண்டா தவலைக்குள்ள தலையணை, போர்வை, பிள்ளைகள் துணி இதெல்லாம் அமுக்கி வச்சா இடமும் மிச்சம், பாத்திரமும் நசுங்காது. தையல் மிஷின்ல தலைய கழட்டி தனியா போர்வையில சுத்தி டிரைவர் கேபின்ல வைங்க, ஊசிய கழட்டிருங்க, பெல்ட்டையும் கழட்டி டிராயர்ல போட்டுருங்க. போய் இறங்கினதும் லேசா எண்ணெய் விட்டு துடைச்சு வைங்க, இல்லன்னா நாலு நாள் மிதிக்கலன்னா கூட இறுகிப் போகும். ஃபிரிட்ஜ முந்தின நாளே ஆஃப் பண்ணி ஐஸ் உருகி உள்ள துடைச்சு கதவு திறந்து வச்சிருங்க, வண்டியில நிறுத்தித்தான் கொண்டு போகணும், போய் சேந்த உடனே பிளக்க மாட்டாம ஒரு ராத்திரி விட்டு ஆன் பண்ணுங்க. மேல இடி மின்னல் கடுமை, மத்தியானம் மூடாப்பு போட்டா டிவி, ஃபிரிட்ஜ் பிளக்க உருவிருங்க, சுவிட்ச ஆஃப் பண்ணினா போதாது.

மளிகையில பருப்பு, மிளகாய்த்தூள், வத்தல், அப்பளம் இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல எடுத்துட்டு போக வேணாம், பூசணம் பிடிச்சுரும். முக்கியமா ஒண்ணு, ரேஷன் அரிசி மூட்டைய வண்டியில ஏத்தாதீங்க. நம்ம பக்கத்துல இருந்து ரேஷன் அரிசி கடத்தல் நடக்கிறதால கம்பம்மெட்டு, குமுளி செக்போஸ்ட்ல அதத்தான் முதல்ல தேடுவாங்க, நீங்க சொந்த சாப்பாட்டுக்குன்னு சொன்னாலும் நடு ரோட்டுல பிள்ளைகள வச்சுக்கிட்டு விளக்கம் சொல்லிட்டு நிக்கணும். மத்தபடி வீட்டுல பொழங்கின சாமானுக்கு இ-வே பில், அதாவது சரக்கு கொண்டு போக ஆன்லைன்ல எடுக்கிற சீட்டு, தேவையில்ல, ஜிஎஸ்டி விதியிலயே விலக்கு இருக்கு, பெட்டி பிரிக்காத புதுப்பொருள் எதுவும் இருந்தா மட்டும் பில்ல கையில வச்சுக்கங்க. சாமான் லிஸ்ட் ஒண்ணு எழுதி கையெழுத்து போட்டு, வாடகை அக்ரிமென்ட் காப்பியோட டிரைவர்கிட்ட குடுத்துருங்க, கேட்டா காட்டுறதுக்கு. வண்டிக்கு கேரளா பெர்மிட், டாக்ஸ் எல்லாம் சரியா இருக்கான்னு பேசும்போதே கேட்டுருங்க.

யூனியன் விஷயத்துல உங்கள பயமுறுத்தி வச்சிருக்காங்க. கேரளாவுல சுமை தூக்குறவங்களுக்குன்னு 1978-ம் வருஷத்து சுமட்டுத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அந்த சட்டத்துலயே ஒரு தனி ஆள் தன் வீட்டு உபயோகத்துக்கு வைக்கிற ஆள் இதுல சேர மாட்டார்னு இருக்கு. அதனால உங்க சாமான உங்க ஆளுங்களே இறக்கலாம். வேலை செய்யாம வேடிக்கை பாத்ததுக்கு காசு கேக்கிறாங்களே நோக்குகூலி, அதையும் 2018 மே 1-ல இருந்து அரசாங்கம் நிறுத்திருச்சு, யாராவது கேட்டா லேபர் ஆபீசுக்கோ போலீசுக்கோ சொல்லலாம். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், சண்டைக்கு போற மனசோட மெட்டு ஏறாதீங்க. உங்க வீடு ரோட்டுக்கு மேலயோ கீழயோ படி வச்சு இருந்துச்சுன்னா, அந்த ஈரப்படியில பீரோவ ஏத்தி இறக்குறதுக்கு அந்த ஊர் சுமைக்காரங்கள விட கை தேர்ந்தவங்க யாரும் இல்ல, நம்ம பசங்க சமதரையில தூக்கிப் பழகினவங்க. அதனால பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் மாதிரி கனமான சாமானுக்கு மட்டும் அவங்கள கூப்பிட்டு கூலிய முந்தின நாளே ஹவுஸ் ஓனர வச்சு பேசி முடிச்சுட்டு, சில்லறை சாமான நம்ம ஆளுங்க இறக்கட்டும். அவங்களும் உழைச்சு சாப்புடறவங்கதான், நாளைக்கு நீங்க அந்த ஊர்லதான் இருக்கப்போறீங்க.

இனி பேப்பர் வேலை, இத லாரி பேசறதுக்கு முன்னாடியே தொடங்குங்க. கேஸ் சிலிண்டர வண்டியில ஏத்தக்கூடாது. கம்பத்துல உங்க ஏஜென்சியில சிலிண்டர், ரெகுலேட்டர் ரெண்டையும் ஒப்படைச்சு டெபாசிட்ட திருப்பி வாங்கிட்டு வவுச்சர் வாங்கிக்கங்க, அத வச்சுத்தான் மேல கனெக்ஷன் எடுக்கணும். நடுவுல நாலு நாளைக்கு அடுப்பு வேணும்ல, 5 கிலோ சின்ன சிலிண்டர் அட்ரஸ் புரூஃப் இல்லாமலே ஒரு அடையாள அட்டைய காட்டி வாங்கலாம், மேல போயே வாங்கிக்கங்க.

ரேஷன் கார்டுதான் நீங்க உக்காந்து யோசிக்க வேண்டியது. கார்ட சரண்டர் பண்ணி சான்று வாங்கினாத்தான் கேரளாவுல புதுக்கார்டு கேக்க முடியும். ஆனா உங்களுக்கு மகளிர் உரிமைத் தொகை மாசாமாசம் வந்தாலோ, மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வந்தாலோ, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இருந்தாலோ அதெல்லாம் தமிழ்நாட்டுல குடியிருக்கிறவங்களுக்கு இந்த கார்ட வச்சு வர்றது. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு பாருங்க. ரெண்டு பக்கமும் கார்டு வச்சுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்கன்னு நாலு பேரு சொல்லுவாங்க, கேக்காதீங்க, ஆதார் இணைச்சிருக்கிற காலத்துல ஒரு நாள் ரெண்டும் போயிரும். தாலுகா ஆபீஸ்ல போய் உங்க கார்டு வகைய காட்டி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பைக்கு தமிழ்நாடு நம்பர்னா, 12 மாசத்துக்கு மேல அங்கயே நிக்கப் போகுதுன்னா பதிவு மாத்தணும், அதுக்கு இங்க ஆர்டிஓவுல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லங்கிற சான்று வாங்கணும்.

பிள்ளைகளுக்கு டிசி இப்பவே எழுதிக் குடுங்க, பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு குடுத்திருக்கிற எமிஸ் நம்பரயும் குறிச்சு வாங்கிக்கங்க. ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடம் ஜூன் தொடக்கத்துலதான் திறக்குது, மே மாசமே மேல இருந்தா அட்மிஷன் நிதானமா போடலாம். இடுக்கியில நம்ம ஜனம் இருக்கிற பக்கம் தமிழ் மீடியம் அரசுப் பள்ளி உண்டு, உங்க வீட்டுல இருந்து நடக்கிற தூரத்துல இருக்கான்னு ஸ்டோர்ல வேலை பாக்கிற நம்ம ஊர் ஆளுங்ககிட்ட கேளுங்க. எந்த மீடியம் சேத்தாலும் மூத்தவனுக்கு லீவுலயே கொஞ்சம் மலையாள எழுத்து சொல்லிக் குடுங்க, கடை போர்டு பாத்தே பிடிச்சுக்குவான்.

உங்க மாமியார். நான் டாக்டர் இல்ல, ஆனா இத்தனை வீட்டுப் பெரியவங்கள வண்டியில முன் சீட்டுல உக்கார வச்சு கூட்டிட்டு போயிருக்கேன், அதனால சொல்றேன். அவங்கள சாமானோட சாமானா அன்னிக்கே ஏத்தாதீங்க. தூசியும் பெயிண்ட் வாசனையும் திறந்த கதவுல வர்ற குளிரும் மூச்சு இளைப்புக்கு ஆகவே ஆகாது. இங்க அவங்களுக்கு பாக்கிற டாக்டர்கிட்ட போய் இந்த மாதிரி மழைக்காட்டுக்கு போறோம்னு சொல்லி, ஆடி முடிய கீழயே யார் வீட்டுலயாவது வச்சுக்கலாமான்னு கேளுங்க. சரி போகலாம்னு அவர் சொன்னா மருந்து, இன்ஹேலர் எல்லாம் ரெண்டு மாசத்துக்கு வாங்கிட்டு, மருந்துச்சீட்ட பேர் தெளிவா டைப் பண்ணி வாங்குங்க. கட்டப்பனையில தாலுகா ஆஸ்பத்திரி இருக்கு, ராத்திரியில அங்க போக வண்டிக்கு யார கூப்பிடறதுன்னு நம்பர் வாங்கி செவுத்துல ஒட்டி வைங்க. வீட்டுலயே நல்ல வெளிச்சம் வர்ற, காஞ்ச ரூம அவங்களுக்கு குடுங்க, நீங்க ரெண்டு பேரும் எங்க வேணா படுத்துக்கலாம்.

இஷ்டம் இல்லங்கிறாங்கல்ல, ஏன்னு ஒரு தடவை உக்காந்து கேளுங்க. நிறைய பெரியவங்களுக்கு குளிர விட பெரிய பயம் என்னன்னா அங்க பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காது, கோயிலுக்கு நடந்து போக முடியாது, செத்தா எங்க கொண்டு போவாங்கங்கிற வரைக்கும் ஓடும். பால் காய்ச்சுற அன்னிக்கு அவங்க கையால காய்ச்ச வைங்க, பக்கத்து வீட்டு நம்ம ஆளுங்கள அறிமுகம் பண்ணி வைங்க. அவங்க அம்மி, ஆட்டுக்கல்லு ஏத்தச் சொன்னா கனம்னு பாக்காம ஏத்துங்க, ஈரத்துக்கு அது ஒண்ணும் கெடாது.

வண்டி டாடா 407 மினி லாரி ஒண்ணு போதும், ரெண்டு ட்ரிப் வேணாம், ஒரே ஏத்தா ஏத்தி விடியக்காலையில கிளம்புங்க. மத்தியான மழைக்கு முன்னாடி இறக்கி முடிச்சிரணும். கனம் எல்லாம் கேபின் பக்கம், மெத்தையும் துணியும் மேல, கட்டிலோட போல்ட்டு நட்டு ஒரு பையில போட்டு கட்டில் சட்டத்துலயே கட்டிருங்க. கடைசியா ஏத்தற பெட்டியில விளக்குமாறு, பல்பு, டார்ச், ரெண்டு பாய், பிள்ளைகளுக்கு மாத்து துணி, ஒரு குக்கர், அரிசி பருப்பு, உப்பு ஒரு பாக்கெட் வைங்க, உப்பு சமையலுக்கு மட்டும் இல்ல, மழை தொடங்கினா வாசல் முற்றத்துல ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி ஏறும், பிள்ளைங்க கால்ல ஒட்டிச்சுன்னா பிச்சு இழுக்காம ஒரு சிட்டிகை வச்சா தானா விழுந்துரும். சாவி வாங்கின உடனே கரண்ட் மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிருங்க, அங்க நம்ம ஊரு மாதிரி எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ யூனிட் கிடையாது, பழைய ஆள் ஓட்டின பில்லு உங்க தலையில வந்து விழக்கூடாது.